இலையுதிர்காலத்தில் கார்ன்வால்: முதன்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நண்பர்கள், கார்ன்வாலுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், ஸ்கூல் திறந்தபிறகு போங்கள் என்றுதான் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தென்மேற்கு மூலைக்குப் பாதி நாடே கிளம்பி வந்ததுபோல இருக்கும். செயின்ட் ஐவ்ஸில் கார் நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது கழிந்துவிடும். செப்டம்பர் இரண்டாம் வாரம் தாண்டிவிட்டால் கூட்டம் கலைந்து, கடற்கரையில் கால் வீசி நடக்க இடம் கிடைக்கும். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல், ஆண்டிலேயே குளிர் குறைவாக இருப்பதும் அந்த வாரங்களில்தான்.

ஆனால் ஆகஸ்டில் சுற்றுவது போலவே அக்டோபரிலும் சுற்றலாம் என்று போனால் பாதி நாள் வீணாகும். எங்களுக்கு அதுதான் நடந்தது. முதன்முறை மராசியன் ஊருக்குப் போய் இறங்கியபோது, செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக்குப் போகும் கல்பாதை தண்ணீருக்குள் இருந்தது. காற்று பலமாக இருந்ததால் படகும் இல்லை. பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தோம். கடல் எத்தனை மணிக்கு இறங்கும் என்று யாரும் பார்க்கவில்லை. குழந்தைகள் காருக்குள்ளேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் போன ஒவ்வொரு முறையும் கடலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, இடத்தை அதன்பிறகுதான் முடிவு செய்கிறோம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த வாரம்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மிக வசதியான காலம். தங்குமிட வாடகை கோடையைவிடக் குறைந்திருக்கும், பெரும்பாலான இடங்கள் திறந்திருக்கும், பகல் வெளிச்சமும் போதும். அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை வரும். அந்த வாரத்தில் வாடகை மறுபடி ஏறும், ஆனால் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளும் அப்போதுதான் அதிகம். நவம்பரில் பல இடங்கள் மூடிவிடுவார்கள், அல்லது வாரத்தில் சில நாள் மட்டும் திறப்பார்கள். சிறிய ஊர்களில் திங்கள், செவ்வாயில் சாப்பாட்டுக் கடை கிடைப்பதே சிரமம். அதனால் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். குக்கரும் ஒரு கிலோ அரிசியும் கையில் இருந்தால் மழை நாள் மாலையில் யாரையும் தேடி அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் போக நினைக்கும் ஒவ்வொரு இடத்தின் தளத்திலும் அந்த வாரத்துக்குரிய திறப்பு நேரத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். கோடை நேரம் முடிந்து குளிர்கால நேரம் தொடங்கும் தேதி இடத்துக்கு இடம் மாறும். பஸ்களுக்கும் அதேதான், கோடைகால அட்டவணை முடிந்ததும் சில வழித்தடங்களில் பஸ் பாதியாகக் குறையும்.

கடலின் நேரம்

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் இறங்குவதும் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. அங்கே அந்த வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். கார்ன்வாலின் தென்கரையில், பென்சான்ஸ் பக்கம், பெரிய ஏற்ற இறக்க நாட்களில் அது சுமார் 5 மீட்டர். வடகரையில் அதைவிட அதிகம். காலையில் அரை கிலோமீட்டர் மணல்வெளியாகக் கிடந்த இடம் மாலையில் பாறையடியில் அலை மோதும் இடமாகிவிடும். ஒரு கடற்கரையிலிருந்து பாறை முனையைச் சுற்றி அடுத்த கடற்கரைக்குப் போனவர்கள், திரும்பி வரும் வழி மூழ்கி மாட்டிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது.

கணக்கு எளிதுதான். ஒரு நாளில் கடல் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 11 மணிக்கு முழுதாக இறங்கிய கடல் நாளை ஏறக்குறைய 11.50-க்கு இறங்கும். டைட் டேபிள் என்று கேட்டால் துறைமுகக் கடைகளில் சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். பிரிட்டன் கடல்வரைபட அலுவலகத்தின் ஈசிடைட் தளத்தில் அடுத்த 7 நாளுக்கு இலவசமாகப் பார்க்கலாம். அச்சிட்ட புத்தகம் சிலவற்றில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு 1 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதைப் பற்றிக் குறிப்பு போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கிளம்பி, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றவர்கள் நிறையப் பேர்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தமிழ் நாட்காட்டி இருக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில்தான் கடல் மிக அதிகம் ஏறி, மிக அதிகம் இறங்கும். கார்ன்வாலில் அந்த நாட்களில் கடல் இறங்குவது நடுப்பகலை ஒட்டி அமைகிறது, உச்சம் அதிகாலையிலும் சாயங்காலத்திலும் வருகிறது. நிலாவை வைத்து நடப்பதால் இது மாதாமாதம் அப்படியே திரும்பி வரும். மணலில் நடக்க, பாறைக் குழிகளில் நண்டும் கடற்பூவும் தேட, தீவுக்கு நடந்து போக, எல்லாவற்றுக்கும் அந்த நாட்கள் தோதானவை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில், பாதி நிலா நாட்களில், இது தலைகீழாகும். நடுப்பகலில் கடல் ஏறியிருக்கும், ஏற்ற இறக்கமும் குறைவாக இருக்கும். அன்றைக்கு மேட்டுப் பாதையில் நடக்கலாம், சுரங்கம் பார்க்கலாம்.

ஆண்டின் மிகப் பெரிய ஏற்ற இறக்கங்கள், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வரும். மகாளய அமாவாசை அந்தச் சமயத்தில்தான் விழும். தீபாவளிக்கு அடுத்த இரண்டு நாளும் அப்படியே. தீபாவளி விடுமுறை நாளோடு சேர்ந்து வந்தால், மறுநாள் காலை கார்ன்வாலில் இருக்கும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் அவ்வளவு தூரம் கடல் விலகி நிற்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கண் போதாது.

மணலில் நடக்கும்போது ஒரே விதி. கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள், முழுதாக இறங்கும் நேரம் வந்ததும் திரும்புங்கள். அதாவது 12 மணிக்கு முழு இறக்கம் என்றால் 10 மணிக்கு நடக்கத் தொடங்கி, 12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும்.

வெளிச்சம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் கார்ன்வாலில் சூரியன் மறைய இரவு 7 மணி தாண்டிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மாலை 5 மணிவாக்கில் இருட்டத் தொடங்கும். நவம்பர் கடைசியில் 4.20-க்கே சூரியன் போய்விடும், காலை விடிய 8 மணி ஆகும். ஆகவே ஒரு நாளைக்கு வெளியிடம் ஒன்று, உள்ளிடம் ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் இருட்டில் குறுகிய பாதையில் கார் ஓட்ட வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்வதும் சுற்றுவதும்

லண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். குழந்தைகளோடு போகிறவர்கள் ஃபேமிலி அண்டு ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்டு எடுங்கள். பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், குழந்தைக் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். சால்டாஷ் ஊரில் டேமர் ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலம் 1859-இல் புரூனல் கட்டியது. அதைத் தாண்டினால் கார்ன்வால் தொடங்கிவிடும்.

செயின்ட் ஐவ்ஸுக்குக் காரில் போகாதீர்கள், இலையுதிர்காலத்திலும்கூட. செயின்ட் எர்த் நிலையத்தில் காரை விட்டுவிட்டுக் கிளை ரயிலில் ஏறுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது, கடைசிப் பகுதி முழுக்கக் கடலை ஒட்டியே ஓடும்.

பஸ்ஸில் சுற்றுவது மலிவு. 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பஸ்களில் ஒருவழிப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கடற்கரைகளில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. கார் நிறுத்தக் கட்டணத்துக்கும் இதே காரணத்தால் கொஞ்சம் சில்லறை வேண்டும்.

காரில் போனால் ஒரு எச்சரிக்கை. இங்கே பாதையோரத்தில் பச்சையாகச் செடி படர்ந்து நிற்பது வேலிபோலத் தெரியும். உள்ளே இருப்பது கருங்கல். ஒதுங்கும்போது அதில் உரசினால் கதவு போய்விடும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போவார். ரிவர்ஸ் எடுப்பதில் தயக்கம் உள்ளவர்கள் கிளம்புவதற்குமுன் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வது இங்கே கட்டாயம் மாதிரி.

கடல் நடுப்பகலில் இறங்கும் நாள்

அன்று மராசியன். பென்சான்ஸ் நிலையத்திலிருந்து கடலோரமாகச் சமதளத்தில் சுமார் 5 கிலோமீட்டர் நடந்தே போகலாம், மவுண்ட் கண்முன்னால் பெரிதாகிக்கொண்டே வரும். கல்பாதை கடல் முழுதாக இறங்கும் நேரத்தை ஒட்டிச் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். அன்றைய நேரத்தை மவுண்டின் தளத்தில் போடுகிறார்கள். கோட்டையைப் பார்க்க முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அது திறக்கும் நாட்கள் குளிர்காலம் நெருங்க நெருங்கக் குறையும். கோட்டை மூடியிருந்தாலும் பாதையில் நடந்து தீவின் துறைமுகம்வரை போய்வருவதே ஒரு நாளுக்குப் போதும் என்பது என் கருத்து. கல் வழுக்கும், பாசி படிந்திருக்கும். செருப்பு வேண்டாம். தண்ணீர் பாதையின் ஓரத்தைத் தொடத் தொடங்கிவிட்டால், இன்னும் ஒரு போட்டோ என்று நிற்காதீர்கள்.

நவம்பரில் போகிறவர்கள் சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னால் மராசியன் சதுப்பு நிலத்துப் பக்கம் வாருங்கள். ஸ்டார்லிங் பறவைகள் நாணல் காட்டில் அடைவதற்குமுன் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து வானத்தில் சுழலும். காற்றும் மழையும் இல்லாத மாலையாக இருக்க வேண்டும்.

இதேபோன்ற இன்னொரு நாளில் லிசார்ட் தீபகற்பம். பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி அதுதான். அங்கே கைனன்ஸ் கோவ் என்று ஒரு சின்னக் கடற்கரை. பச்சையும் சிவப்பும் கலந்த செர்பென்டைன் பாறைகள் ஈரத்தில் மெருகு போட்டதுபோல மின்னும். கடல் ஏறிவிட்டால் மணலே இருக்காது. முழு இறக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். மேட்டில் நடக்கும்போது சிவப்பு அலகும் சிவப்புக் காலும் உள்ள காகம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தால், அது சஃப். கார்ன்வாலின் சின்னத்திலேயே இருக்கும் அந்தப் பறவை இங்கிருந்து அற்றுப்போய், 2001-இல் தானாகவே திரும்பி வந்து, மறு ஆண்டு லிசார்டில் கூடு கட்டியது.

கடல் ஏறியிருக்கும் நாள்: மேட்டுப் பாதையும் சுரங்கங்களும்

சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத் என்ற நடைபாதை 630 மைல் நீளம், சாமர்செட்டில் தொடங்கி டோர்செட்டில் முடிகிறது. அதில் ஏறக்குறைய பாதி கார்ன்வாலில்தான். பாதை முழுக்க ஓக் மரக் கொட்டை வடிவக் குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 6 கிலோமீட்டர்தானே என்று கிளம்பினால், ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறி, 3 மணி நேரம் போய்விடும். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடங்கள். மழைக்குப் பிறகு மண் சரிந்து விழும். கரைக்கு மேலே மட்டுமில்லை. கீழே மணலில் இருக்கும்போதும் பாறைச்சுவருக்கு நேர் அடியில் உட்காரக் கூடாது.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் நடை, பென்டீன் பக்கம் கீவர் சுரங்கத்திலிருந்து லெவன்ட் வழியாக பொட்டாலக் வரை. தூரம் குறைவு, பார்க்க அவ்வளவு இருக்கிறது. பாறை விளிம்பில், கடலுக்கு மேலே தொங்குவதுபோல, பழைய எஞ்சின் கட்டடங்கள் நிற்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுகிறோமே, அந்த வெள்ளீயத்தையும் செம்பையும் இந்தக் கடலுக்கு அடியில் தோண்டி எடுத்தார்கள். லெவன்ட் சுரங்கம் கடலடியில் ஒரு மைல் தூரம் போனது. 1919-இல் அங்கே தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் முறிந்து 31 பேர் இறந்தார்கள். 1840-இல் செய்த நீராவி எஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்து இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். கீவர் 1990-இல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகம். பழைய சுரங்கப் பாதைக்குள் குனிந்து நடந்து பார்க்கலாம். இந்தச் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு இந்த இடம் மேலும் நெருக்கமாவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வெள்ளீயத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் படுத்தபோது, வேலை இழந்தவர்கள் உலகம் முழுக்கப் போனார்கள். அவர்களில் ஒரு கூட்டம் 1880-களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களும் கார்ன்வால் ஆட்களும் ஒரே சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கூலியும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கீவரில் உடை மாற்றும் அறையில் தொங்கும் பழைய சட்டைகளைப் பார்க்கும்போது எனக்குத் தங்கவயல் குடும்பங்கள்தான் ஞாபகம் வந்தன. உங்கள் வீட்டில் தங்கவயல் சொந்தம் யாராவது இருந்தால், இங்கே கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சீல் குட்டிகள்

சாம்பல் சீல்கள் குட்டி போடும் காலம் இது. கார்ன்வாலில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை போகும். குட்டி வெள்ளை ரோமத்தோடு பிறக்கும். தாய் மூன்று வாரம் அளவுக்குத்தான் பால் கொடுக்கும், அதற்குள் குட்டி கொழுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மனிதர் சத்தம் கேட்டுத் தாய் கடலுக்குள் ஓடினால் குட்டியின் வளர்ச்சி கெடும்.

பார்க்க நல்ல இடம் ஹேல் அருகில் காட்ரெவி முனை. கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மட்டன் கோவ் என்ற குடாவின் மேல்விளிம்புக்கு வருவீர்கள். கீழே மணலில் சீல்கள் படுத்திருக்கும். அங்கே பேசக் கூடாது. கிசுகிசுப்பதுகூடக் கீழே எதிரொலிக்கும் என்பதால் பலகை வைத்தே கேட்டுக்கொள்கிறார்கள். பைனாகுலர் ஒன்று கொண்டு போங்கள். குழந்தைகளிடம் போகும் வழியிலேயே சொல்லிவையுங்கள், இது ஊமை விளையாட்டு என்று.

வேறெங்காவது கடற்கரையில் குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஓய்வெடுக்கத்தான் கரையேறியிருக்கும். தூரத்தில் நின்று பார்த்து, காயமோ மெலிவோ தெரிந்தால் பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ அமைப்புக்குப் போன் செய்யுங்கள். அடிபட்ட குட்டிகளை வைத்துப் பராமரிக்கும் சரணாலயம் க்வீக் கிராமத்தில் இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப் போகலாம்.

மழை நாள்

மழை வரும். அடித்துப் பெய்யும் மழையைவிட, முகத்தில் படிவதுபோல வரும் தூறல்தான் அதிகம். இங்கத்தியர் அதை மிசில் என்பார்கள்.

என் முதல் தேர்வு போர்த்கர்னோ. 1870-இல் இந்தச் சின்னக் கடற்கரையில் ஏறிய கடலடித் தந்திக் கம்பிதான் பிரிட்டனை பம்பாயோடு இணைத்தது. கப்பலில் வாரக்கணக்கில் போன செய்தி சில நிமிடங்களில் போய்ச் சேர ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, சுரங்கத் தொழிலாளர்களை வைத்துக் கருங்கல்லில் குகை வெட்டித் தந்தி நிலையத்தை உள்ளே மாற்றினார்கள். அந்தக் குகைகள் இன்று அருங்காட்சியகம். மேலே, பாறைச் சரிவில் மினாக் திறந்தவெளி அரங்கு. ரொவீனா கேட் என்ற பெண்மணி தன் தோட்டத்துக்குக் கீழே, தோட்டக்காரர் துணையோடு, தன் கையாலேயே கட்டத் தொடங்கிய இடம். 1932-இல் முதல் நாடகம் நடந்தது. அதன்பிறகும் முதுமைவரை அவர் அதைக் கட்டிக்கொண்டே இருந்தார். மழை விட்டதும் படியில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள்.

செயின்ட் ஆஸ்டல் அருகில் ஈடன் புராஜெக்ட், பழைய களிமண் குழிக்குள் 2001-இல் திறந்தது. வெளியே 10 டிகிரி இருக்கும்போது மழைக்காடு கூடத்துக்குள் நுழைந்தால் நம் ஊர்ப் புழுக்கம். வாழை மரத்தைப் பார்த்துக் குழந்தைகளைவிட நமக்குத்தான் சந்தோஷமாக இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டிவரும், உள்ளே மெல்லிய சட்டை போட்டுப் போங்கள். பென்சான்ஸில் ஜூபிலி பூல் என்ற 1935-ஆம் ஆண்டுக் கடல்நீர்க் குளம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் சூட்டில் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டே வெந்நீரில் கிடப்பது தனி சுகம். முன்பதிவு அவசியம். செயின்ட் ஐவ்ஸில் டேட் ஓவியக்கூடமும், ஃபால்மத்தில் கடல்சார் அருங்காட்சியகமும் அரை அரை நாளுக்கு ஆகும்.

நிறம் மாறும் இலைகளைத் தேடுகிறவர்களுக்கு

கடலோர மேட்டில் மரங்கள் குறைவு, உப்புக் காற்று விடாது. சிவப்பும் மஞ்சளுமான இலை பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் போங்கள். ட்ரூரோ அருகே ட்ரெலிசிக் தோட்டம், போட்மின் அருகே கார்டினம் காடு, ஃபோவி ஆற்றில் கோலிதா அருவிகள், மூன்றில் ஒன்று போதும். அருவி என்றால் குற்றாலம்போல நினைக்காதீர்கள். ஓக் மரங்களுக்கு நடுவே பாறையில் தாவி ஓடும் ஆறு அது. அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும் நல்ல நேரம். ட்ரெலிசிக்கை ஒட்டி கிங் ஹாரி ஃபெரி என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகு 1888 முதல் ஓடுகிறது. காரோடு ஏறிக்கொள்ளலாம்.

குளிப்பதும் அலையும்

இதைக் கவனமாகப் படியுங்கள். கோடையில் கடற்கரையில் இருந்த ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் பெரும்பாலான இடங்களில் செப்டம்பர் கடைசியோடு போய்விடுவார்கள். சில பெரிய கடற்கரைகளில் மட்டும் அக்டோபர் விடுமுறை வரை இருப்பார்கள். அவர்கள் இருக்கும் கடற்கரையில், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்க வேண்டாம். அவர்கள் இல்லாத கடற்கரையில் குழந்தைகளை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். அட்லாண்டிக் அலை இலையுதிர்காலத்தில் பெரிதாகும், ஆளை இழுத்துப் போகும் ரிப் கரண்ட் பலமாகும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, பக்கவாட்டில் நகர வேண்டும். வேறு ஒருவர் மாட்டினால் நீங்கள் குதிக்க வேண்டாம். 999-க்கு அடித்துக் கோஸ்ட்கார்டு என்று கேளுங்கள்.

சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். பயிற்சிப் பள்ளியோடு மட்டும் இறங்குங்கள், தடித்த வெட்சூட்டும் அவர்களே கொடுப்பார்கள். கனமழைக்குப் பிறகு சில இடங்களில் கழிவுநீர் கடலில் கலக்கும். செயின்ட் ஆக்னஸில் 1990-இல் தொடங்கிய சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ் இயக்கம் இதற்காகவே ஓர் ஆப் வைத்திருக்கிறது. இறங்கும் முன் அதில் அந்தக் கடற்கரையைப் பாருங்கள்.

புயல் நாளில் போர்த்லெவன் துறைமுகத்தில் அலை மணிக்கூண்டை மூடி எழும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கத் துறைமுகச் சுவருக்குப் போகிறவர்களை நான் கைகூப்பித் தடுப்பேன். பத்து அலை சும்மா வரும், பதினோராவது ஆளைத் தூக்கும். வானிலை அலுவலகம் மஞ்சள், ஆம்பர், சிவப்பு என எச்சரிக்கை கொடுக்கும். ஆம்பர் என்றால் கடலோரத் திட்டத்தை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் போங்கள்.

சாப்பாடும் உடையும்

கார்னிஷ் பேஸ்டி என்று விற்றால் அதில் மாட்டிறைச்சி, உருளை, ஸ்வீடு (டர்னிப் போன்ற ஒரு கிழங்கு), வெங்காயம்தான். 2011 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சீஸ், வெங்காயம் வைத்தது கேளுங்கள், எல்லாக் கடையிலும் இருக்கும். நியூலின் துறைமுகத்தில் மீன் வாங்கிச் சமைக்கலாம். இங்கத்திய சார்டின் நம் மத்திக்கு நெருங்கிய சொந்தம், மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் சாதத்தோடு ஒன்றும் குறையில்லை. பிரிட்டன் பெருநிலத்தில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும் அது இந்த நியூலினில் அளந்த கடல்மட்டத்திலிருந்து எண்ணியதுதான். செயின்ட் ஐவ்ஸில் திறந்தவெளியில் சாப்பிடாதீர்கள். கடற்புறாக்கள் கையிலிருந்தே பறிக்கும்.

குடையை வீட்டில் விட்டுவிடுங்கள், முதல் காற்றிலேயே திரும்பிவிடும். காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, உள்ளே இரண்டு மூன்று மெல்லிய அடுக்கு, கணுக்கால் மூடும் ஷூ, ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று. ஃபிளாஸ்கில் சுக்குக் காபி.

திரும்பும் நாள்

காரில் வருகிறவர்களுக்கு டேமர் பாலத்தில் கட்டணம் கார்ன்வாலை விட்டு வெளியேறும்போது மட்டும்தான், உள்ளே போகும்போது கிடையாது. ரயிலில் வந்தால் பென்சான்ஸில் போகும் திசையைப் பார்த்து வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கிளம்பிய சில நிமிடத்தில் மவுண்ட் தெரியும். டெவனில் டாலிஷ் ஊர் வரும்போது, அந்த நேரம் கடல் ஏறியிருந்தால், அலைத் துளி கண்ணாடியில் தெறிக்கும்.